சும்மா கிடந்த பள்ளமும் ஒரு இடது கால் ஷூவும்

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நடந்த தேசியக் கருத்தரங்கில் என் பாத்ரூம் செருப்பு கலந்துகொண்டது.

நான் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. செருப்பு மட்டும் போயிற்று. அதுவும் மேடைக்கு! ‘வேகமாக வளரும் நகரங்களும், இயற்கையைக் காக்கும் நில உபயோகக் கொள்கையும்’ என்று தலைப்பாம். என் செருப்போ ரோஸ் கலர். பட்டையில் வெள்ளைப் பூ வேறு.

எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் என்மேல் நீங்கள் வைத்திருக்கும் மரியாதை கொஞ்சம் குறையலாம். பரவாயில்லை, நாம் என்ன நேற்றா பழகினோம்?

ஊரப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்டை உங்களுக்குத் தெரியும். பெயரில் ‘கார்டன்’ உண்டு, கார்டன் கிடையாது. அதில் கிரவுண்ட் ஃப்ளோரில் நான். எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு பெரிய பள்ளம். நாலு கிரிக்கெட் மைதானம் அளவு இருக்கும். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர், மீதி நாள் சேறு. ஆளுயரத்துக்குக் கோரை. அதற்குள் நீர்க்கோழி, கொக்கு, பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ. ராத்திரி பகல் பார்க்காமல் தவளை.

வருகிற விருந்தாளிகள் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். “இவ்ளோ இடம் சும்மா கிடக்குதே!”

சும்மாவா கிடக்கிறது? மழைக்காலத்தில் வந்து பார்க்கணும். இந்தத் தெரு, அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு — அத்தனை தண்ணீரும் என் வாசல் வழியாகத்தான் ஊர்வலம் போகும். என் வீட்டு இரண்டாவது படி வரைக்கும் ஏறும். மூன்றாவது படியைத் தொடுவதற்குள் பள்ளத்துப் பக்கம் திரும்பிவிடும். அந்தப் பள்ளம் மட்டும் இல்லையென்றால் அவ்வளவும் என் ஹாலில் வந்து உட்காரும். ஹாலில் என் பெண் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சோபா இருக்கிறது. நீர்க்கோழிக்காக நெஞ்சுருகினேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு என் சோபாதான் முக்கியம்.

அந்தப் பள்ளத்துக்குத்தான் மஞ்சள் அடித்துவிட்டார்கள்.

அதாவது, எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு திட்ட வரைபடம் தயாராகி, மக்கள் பார்வைக்கு வந்தது. இந்த மாதிரி வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர். வீடு கட்ட மஞ்சள். ஃபேக்டரிக்கு ஊதா. வயலுக்குப் பச்சை. தண்ணீருக்கு நீலம். எங்கள் பள்ளமோ பளிச்சென்று மஞ்சளாக இருந்தது, மங்களகரமாக! கோடையில் மேலேயிருந்து போட்டோ எடுத்திருப்பார்கள் போல. மேலேயிருந்து பார்த்தால் காய்ந்த சதுப்பும் காலி மனையும் ஒரே மாதிரிதானே தெரியும்?

காட்டைக் காடாக விடு, ஏரியை ஏரியாக விடு, வீட்டை வேறு இடத்தில் கட்டு என்று நாடு முழுவதற்கும் ஒரு நிலக் கொள்கை வேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நல்ல பேச்சு. ஆனால் அந்தக் கொள்கை டெல்லியிலிருந்து இறங்கி இறங்கி, கடைசியில் ஊரப்பாக்கத்தில் ஒரு கலர் பென்சிலாக வந்து நிற்கிறது பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

‘ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம்’ என்று போட்டிருந்தார்கள். எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி ஞானசேகரன் சார் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“மேடம், நீங்கதான் எழுதறவங்க. ஒரு மனு எழுதிக் குடுங்க. படிச்சா கண்ணுல தண்ணி வரணும்.”

ஞானசேகரன் சார் அணு ஆராய்ச்சியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அணுவைப் பிளந்த கையால் இப்போது பார்க்கிங் தகராறைப் பிளந்துகொண்டிருக்கிறார். எதைப் பேசினாலும், “நாங்க சதுரங்கப்பட்டினம் பக்கம் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்போ...” என்றுதான் ஆரம்பிப்பார். நல்ல மனிதர். அதுதான் பிரச்னையே.

எழுதினேன். மூன்று பக்கம். நீர்க்கோழியின் குடும்ப வாழ்க்கை பற்றியே ஒரு பக்கம். ‘இந்த நிலத்தில் ஒரு பிடி மண் விழுந்தாலும் அது எங்கள் தலையில் விழுந்ததாகும்’ என்று முடித்திருந்தேன். அசோசியேஷனே கைதட்டியது. இந்த ஒரு பிடி மண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

மனு வேலை செய்தது! நகரமைப்பு அலுவலகத்திலிருந்து போன். ‘வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். ஈரநிலம்தான் என்று அவருக்குத் திருப்தியானால், மஞ்சளை நீலமாக்கச் சொல்லி எழுதுவார்.’

அவ்வளவுதான். நாங்கள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. கோரை, சேறு, தவளை, கொக்கு எல்லாம் அட்டென்டன்ஸ் தவறாமல் ஆஜர். அதிகாரி வருவார், எட்டிப் பார்ப்பார், மூக்கைப் பொத்திக்கொள்வார், நீலம் அடிப்பார்.

ஆனால் நம்மால் சும்மா இருக்க முடியுமா? ஆபீசர் வருகிறாரே!

அவசர மீட்டிங். ஞானசேகரன் சார் எழுந்தார். “நாங்க சதுரங்கப்பட்டினம் பக்கம் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்போ, வெளியேர்ந்து யாராவது வந்தா மூணு நாள் முன்னாடியே ரெடி பண்ணிருவோம். இங்க இருக்கற கோலத்தைப் பாருங்க. அவரு என்ன நினைப்பாரு நம்மளைப் பத்தி?”

எல்லாருக்கும் சுரீர் என்றது. ஆமாம், என்ன நினைப்பார்?

திங்கட்கிழமை ஆள் வைத்துக் கோரையை வெட்டினோம். அதிகாரி எப்படி நடந்து வருவார்? செவ்வாய்க்கிழமை இரண்டு டிப்பர் செம்மண் வந்து இறங்கியது. சுவரோரமாக ஒரு மேடை மாதிரி சமன் செய்து, ஓரத்தில் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மெல்லிசாகப் பரப்பினார்கள். புதன்கிழமை இரண்டு பக்கமும் கோடு போட்டாற்போல் பிளீச்சிங் பவுடர். ஷாமியானா. பத்து பிளாஸ்டிக் நாற்காலி. நாலு பூந்தொட்டி. ‘ஈரநிலம் காப்போம்!’ என்று ஒரு ஃபிளெக்ஸ் பேனர்.

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ‘அப்போ நீ என்னம்மா செய்துகொண்டிருந்தாய்?’

கோலம் போட்டேன்.

சத்தியமாக. வியாழக்கிழமை விடிந்ததும் அந்த மெல்லிசுச் செம்மண்ணில் ஆறடிக்கு ஆறடி கலர்க் கோலம் போட்டேன். நடுவில் ஒரு நீர்க்கோழி. நிஜ நீர்க்கோழி திங்கட்கிழமையே பறந்து போயிருந்தது. தலையெழுத்து, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறைக்கிற மாதிரிச் சொன்னவர் ஒரே ஒருவர்தான். கன்னியப்பன். இந்த ஊர்க்காரர். மறைமலைநகர் ஃபேக்டரி ஒன்றுக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். காலை ஷிஃப்டை இறக்கிவிட்டு வந்தாரானால் அவருடைய நாலு எருமைகளையும் பள்ளத்துக்கு ஓட்டி வருவார். அதில் பெரிய எருமைக்குப் பெயர் மல்லிகா. மணி பதினொன்று அடித்தால் மல்லிகா சேற்றில் இருக்கும். எங்கள் ஃபிளாட்டில் பாதிப் பேர் மல்லிகாவைப் பார்த்துத்தான் மதியச் சமையலுக்கு உலை வைப்பார்கள்.

புதன்கிழமை செம்மண்ணைப் பார்த்துவிட்டுக் கன்னியப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா சார் இது? சேறு கீதுன்னு காட்டத்தானே ஆபீசரைக் கூப்ட்டீங்க? நீங்களே மண்ணு கொட்டி மூடிகினு கீறீங்க?”

“மூடலை கன்னியப்பன். ஒரு ஓரமா... கொஞ்சம் பிரசென்டபிளா...”

“எங்க மல்லிகாவுக்குக் கீற வெவரம்கூட...” என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, “நீங்க குந்திகினு கீற வூடும் பள்ளத்துல கட்னதுதான் மேடம். எங்க நைனா இங்கதான் மீன் புடிச்சாரு. அப்பவும் இப்டித்தான், ரெண்டு லோடு மண்ணுல ஆரம்பிச்சாங்க” என்றார்.

எங்கள் அசோசியேஷனில் இந்த விஷயத்தை யாரும் பேசக் கூடாது. பேசினால் ஃபிளாட் விலை இறங்கிவிடும். ஞானசேகரன் சார் அவசரமாக, “அதெல்லாம் இருக்கட்டும், நாளைக்கு ஒருநாள் எருமையைக் கட்டிப் போட்ருங்க, அசிங்கமா இருக்கும்” என்றார்.

“கட்டிப் போடறேன் சார். எனக்கின்னா பேஜாரு. அதுக்குத்தான் புரியணும்.”

வியாழக்கிழமை. சரியாகப் பத்தரைக்கு ஜீப்.

அதிகாரி முப்பத்தைந்து வயசுக்காரர். பளபளவென்று கறுப்பு ஷூ, இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லெட். மத்தியானம் இரண்டு மணிக்கு மாமல்லபுரத்தில் கருத்தரங்கில் பேச வேண்டுமாம். அதற்கான டிரெஸ்ஸோடேயே வந்திருந்தார். இளநீர் வாங்கிக் குடித்தார். என் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். நல்ல பிள்ளை, பெற்றவர்கள் சரியாக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேனரைப் படித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். “ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க சார். கிரவுண்டு சூப்பரா இருக்கு. பசங்க விளையாடுறதுக்கா?”

ஞானசேகரன் சார் பூரித்துப்போய், “தேங்க்யூ, தேங்க்யூ” என்றார்.

“சரி, வாங்க. அந்த ஈரநிலம் எந்தப் பக்கம் இருக்கு?”

ஞானசேகரன் சார் மெதுவாக ஒரு விரலை நீட்டிக் கீழே காட்டினார்.

அதிகாரி கீழே பார்த்தார். செம்மண். பிளீச்சிங் பவுடர். அவருடைய ஷூவில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அதற்கப்பால் மேல்சேறு வெயிலில் பொருக்காகிக் கிடக்க, வெட்டிய கோரைத் தாள் மட்டும் மொட்டை மொட்டையாக நின்றது.

“சார்... இங்க மண்ணு கொட்டி மேடாக்கியிருக்கே. யாரு கொட்டினது?”

எனக்கு என் மனு ஞாபகம் வந்தது. ஒரு பிடி மண் விழுந்தாலும்... மூன்று பக்கம், என் கையெழுத்தில்!

ஞானசேகரன் சார், “அது... காத்துல வந்திருக்கும் சார்” என்றார். முப்பது வருஷம் விஞ்ஞானி!

“லோடு கணக்குலயா சார்?”

அதிகாரி டேப்லெட்டை எடுத்தார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான். “நான் நேர்ல பாக்கறதைத்தான் எழுத முடியும் சார். சமமான திறந்தவெளி. மேடாக்கப்பட்டது. தண்ணி இல்ல, செடி இல்ல, பறவை இல்ல. இதை எப்படி நீலமாக்கச் சொல்லி எழுதறது? மஞ்சளாவே இருக்கட்டும்னுதான் எழுதணும்.”

முடிந்தது கதை. நான் சோபாவை நினைத்தேன். என் பெண் பெங்களூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், “அம்மா, சோபால உக்காந்து பேசு” என்பாள். இனிமேல் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அழுகை வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரவேண்டும் என்றுதானே மனு எழுதச் சொன்னார்கள்? வந்துவிட்டது, எனக்கு.

அப்போது மணி பதினொன்று.

முதலில் சத்தம்தான் கேட்டது. மடமடவென்று ஷாமியானாக் கம்பு ஒன்று சாய்ந்தது. பார்த்தால் மல்லிகா! கழுத்துக் கயிற்றில் பிடுங்கிய முளைக்குச்சி தொங்குகிறது. பின்னாலேயே கன்னியப்பன், “ஏய்! நில்லு! சொன்னா கேக்க மாட்ட?” என்று கத்திக்கொண்டே ஓடி வருகிறார். மல்லிகா யாரையும் பார்க்கவில்லை. ஆபீசர் வந்திருக்கிறாரே என்ற மரியாதை கொஞ்சமும் இல்லை. பூந்தொட்டிகளுக்கு நடுவில் நேரே வந்து, வழக்கமாகத் தான் படுக்கிற இடத்துக்கு நேர்மேலே நின்று, முன்காலை மடக்கி, உட்கார்ந்தது.

செம்மண் மேடை அப்பளமாக உடைந்தது. உள்ளேயிருந்து கறுகறுவென்று சேறு பொங்கிற்று. என்ன ஒரு வாசனை! மல்லிகா சுகமாக ஒரு பெருமூச்சு விட்டது.

அதிகாரி பயந்துபோய்ப் பின்னால் எட்டு வைத்தார். ஒரு எட்டு, இரண்டு எட்டு. மூன்றாவது எட்டு என் கோலத்தின் மேல் விழுந்தது. நீர்க்கோழியின் வயிற்றில் நட்டநடுவில். மெல்லிசாகப் பரப்பிய இடம் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா?

இடது கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது.

“சார்! ஆடாதீங்க!” என்று எல்லாரும் கத்தினோம். ஆளுக்கொரு யோசனை. ஞானசேகரன் சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நீட்டி, “இதைப் புடிச்சுக்குங்க” என்றார். நாற்காலியும் சேற்றுக்குள் இறங்கியது. கடைசியில் கன்னியப்பன்தான் ஷாமியானாக் கம்பைக் குறுக்கே போட்டு, அதன்மேல் நின்று, அதிகாரியின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கினார்.

சளப் என்று கால் வந்தது. ஷூ வரவில்லை. சாக்ஸும் வரவில்லை.

கன்னியப்பன் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். “இல்ல சார். கீழ போய்கினே கீது” என்றார்.

அதிகாரி தன் வெறும் இடது காலைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். மல்லிகாவைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள்... நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஈரநிலம்தான் சார். நம்பறேன்.”

நின்ற இடத்திலேயே டேப்லெட்டில் தட்டினார். எனக்கு வாசித்தும் காட்டினார். ‘நிலத்தின் தன்மை: சதுப்பு. ஆழம்: முழங்காலுக்குக் கீழும் தொடர்கிறது. நேரில் உணரப்பட்டது.’ நான் எழுதிய மூன்று பக்கத்தைவிட இந்த ஒரு வரி எவ்வளவு நன்றாக இருக்கிறது! எழுத்தாளி என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாகிவிட்டது.

பிறகு கொஞ்சம் குரல் மாறி, “காத்துல வந்த மண்ணைப் பத்து நாளுக்குள்ள எடுத்துருங்க சார். மறுபடியும் வந்து பார்ப்பேன்” என்றார். ஞானசேகரன் சார் ஸ்கூல் பையன் மாதிரித் தலையாட்டினார்.

இப்போது கருத்தரங்கு. காலையும் பேன்டையும் என் வீட்டுக் குழாயில் கழுவியாயிற்று. இரண்டு மணிக்கு மேடையேற வேண்டும், ஒற்றை ஷூவோடு எப்படி ஏறுவது? மாடியிலிருந்து ஆளாளுக்குச் செருப்பு கொண்டுவந்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. என் கால் பெரிய கால். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாமியார் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்த கால். என் பாத்ரூம் செருப்பு அவருக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

“கலர்தான் சார்...” என்று இழுத்தேன்.

“மேஜைக்குக் கீழ யாருக்கும் தெரியாது மேடம்” என்றார். போய்விட்டார்.

சாயங்காலம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தது. பெரிய மேடை. ஏழெட்டுப் பேர் கோட்டு சூட்டோடு. எங்கள் அதிகாரி முன்வரிசை ஓரத்தில். மேஜை இல்லை! வெறும் சோபாதான் போட்டிருந்தார்கள். ரோஸ் கலர் பளிச்சென்று தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்டே பள்ளத்தில் இறங்கியது. கன்னியப்பன் வரப்பில் நின்று மேஸ்திரி வேலை பார்த்தார். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் சட்டியில் மண் சுமந்தார்கள். ஞானசேகரன் சார் மண்வெட்டியோடு, “நாங்க சதுரங்கப்பட்டினம் பக்கம்...” என்று ஆரம்பித்தார். “மண்ணை எடு சார்” என்றார் கன்னியப்பன். எனக்கு இன்னமும் இடுப்பு நிமிரவில்லை. கொட்ட ஒரு மணி நேரம், அள்ள மூன்று நாள்.

நம் சீக்கே இதுதான். ஒரு இடத்தை மதிக்கிறோம் என்றால் உடனே அதைத் துடைத்து, பெருக்கி, சமமாக்கி, பவுடர் போட்டுவிட வேண்டும். சேறாக இருக்கிற உரிமை சேற்றுக்கு இல்லையா? கொள்கை எழுதுகிறவர்களை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? பள்ளத்தைக் காப்பாற்றக் கிளம்பிய நாங்களே முதல் லோடை இறக்கினோமே!

நேற்று அதிகாரி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஷூவே இல்லை. ரப்பர் செருப்பு, பேன்ட் முழங்கால் வரை மடிப்பு. கோரை ஒரு சாண் துளிர்த்திருந்தது. ஒரே ஒரு நீர்க்கோழி திரும்பி வந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தது. நீலமாக்கச் சொல்லி எழுதி அனுப்பிவிட்டாராம். மேலே என்ன முடிவெடுப்பார்களோ, அது அவர்கள் பாடு. என் செருப்பைக் கழுவி, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

“அந்த ஷூ ஏதாவது கிடைச்சுதா மேடம்?” என்று கேட்டார்.

இல்லை. கிடைக்கவே வேண்டாம் என்றுதான் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அது அங்கே சேற்றுக்குள் இருக்கிறவரைக்கும்தான் என் சோபா இங்கே ஹாலில் இருக்கும்.